மூன்று தேவாலயத் தெருக்கள்

அக்கா பிரான்சில் இருப்பது வயலும் மாடும் நிறைந்த ஒரு மூலையில். சில வருடங்களுக்கு முன் மூன்று கிராமங்களைச் சேர்த்து ஒரே ஊராக்கிப் புதுப்பெயர் வைத்தார்கள். மூன்றிலும் கிராமத்துக்கொரு தேவாலயத் தெரு இருந்தது. பெரிய கிராமத்துத் தெருவுக்கு மட்டும் அந்தப் பெயரை அப்படியே விட்டுவிட்டு, அக்காவின் தெரு உட்பட மற்ற இரண்டையும் மாற்றினார்கள். அது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

"ஊர்ப் பேர் மாறிட்டுது, இனிப் புதுசை எழுது" என்று அக்கா சொன்னாள். எழுதினேன். நான் இருக்கும் இத்தாலியின் பலெர்மோவிலிருந்து மிளகாய்த்தூள் அனுப்பும்போதெல்லாம் புது ஊரையும் பழைய தெருவையும் சேர்த்தே எழுதினேன். பார்சலும் போய்ச் சேர்ந்தது. அந்தப் பக்கத்தில் ஒரேயொரு தமிழ் வீடு, தபால்காரிக்கு அது தெரியும். நானும் எல்லாம் சரியென்று இருந்துவிட்டேன்.

அன்று காலை, லிபெர்த்தா தெருவில் நான் பார்த்துக்கொள்ளும் வயதான அம்மாவுக்கு, சிஞோராவுக்கு, கால் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா அழைத்தாள்.

"விழுந்திட்டன்... கை தூக்க ஏலாமல் கிடக்கு."

நாக்குக் குழறியது. அத்தான் தொழிற்சாலையில், வேலை நேரத்தில் போன் கையில் இருக்காது. ஆம்புலன்சைக் கூப்பிடாமல் இவள் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். இருபது வருடமாகியும் பிரெஞ்சில் வாய் திறக்க அவளுக்குக் கூச்சம்.

சிஞோரா முன்பு பிரெஞ்சு ஆசிரியை. ஈரக்காலோடு எழுந்து வந்து, தன் போனில் அவசர உதவிக்கு அடித்து, பிரான்சுக்கு இணைப்பு வாங்கினார். விலாசம் கேட்டார்கள். அந்தப் பாழாய்ப்போன விலாசத்தை நான் கடகடவென்று ஒப்பித்தேன்.

ஆம்புலன்ஸ் பெரிய கிராமத்துத் தேவாலயத் தெருவில் போய் நின்றது. அந்த இலக்கத்தில் ஒரு இறைச்சிக்கடை, உங்கள் தெருவின் பெயர் மாறியிருக்கலாம் என்றார்கள் போனில்.

"தெருப் பேர் என்னக்கா? இப்ப என்ன பேர்?" என்று கத்தினேன்.

"அனுப்பினனான்... அனுப்பினனான்..."

"என்னத்தை அனுப்பினனீ?"

மூச்சு மட்டும் கேட்டது. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சிஞோராவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கடைசியில், ஆம்புலன்ஸ்காரர்கள் வழியில் மறித்து விசாரித்தபோது அந்தத் தபால்காரிதான் கூட்டிக்கொண்டு போனாளாம். அதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது.

அக்கா உயிரோடு இருக்கிறாள். பேச்சு வரவில்லை. ஞாயிறுகளில் அத்தான் போனை அவள் காதில் வைக்கிறார், நான் கதைக்கிறேன்.

போன வாரம் போனில் இடமில்லை என்று பழைய படங்களை அழிக்க உட்கார்ந்தேன். காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே அக்கா அனுப்பிய ஒரு படம். வீட்டு மதிலில் புதிதாக அறைந்த நீலப் பலகை: பழைய கிணற்றுத் தெரு. பக்கத்தில் அவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கீழே, நான் போட்ட கட்டைவிரல்.