மணக்காத பெட்ரோல்

டர்போ வண்டியா, அவர்கிட்ட விடு என்று பேரெடுத்த மெக்கானிக். காய்ச்சல் வந்து போனதிலிருந்து அவருக்கு மூக்கு வேலை செய்யவில்லை. பெட்ரோல்கூட மணக்காது. வெளியே தெரிந்தால் எவன் வண்டி கொடுப்பான்? மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

பயம் மட்டும் கூடவே ஒட்டிக்கொண்டது. மூக்கு பார்த்த வேலையை இப்போது வெள்ளைக் காகிதம் பார்த்தது. பெட்ரோல் குழாயின் ஒவ்வொரு ஜாயிண்டிலும் ஒற்றிப் பார்ப்பார். நனைந்தால் கசிவு.

அன்று ஒரு வண்டிக்குப் பெரிய பெட்ரோல் பம்ப் மாட்டியிருந்தார். சாவியைப் பாதி திருப்பியதும் பம்ப் உறுமியது. குழாய்களில் முன்னைவிட இரண்டு மடங்கு பிரஷர் ஏறியது. காகிதம் காய்ந்தே இருந்தது. ஆனாலும் இன்னொரு முறை ஒற்றிப் பார்த்தார். 'சும்மா பயந்து சாகாதே' என்று தன்னையே திட்டிக்கொண்டு, ஸ்டார்ட் பண்ண உட்கார்ந்து சாவியில் கை வைத்தார்.

சாப்பாட்டோடு வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். சட்டையெல்லாம் பெட்ரோல் நாத்தம் என்று இருபது வருஷமாய் அவரைக் கரித்துக்கொட்டுகிறவள்.

"என்னங்க இது, குடலைப் புரட்டுது! இதுக்குள்ள எப்படி உக்காந்திருக்கீங்க?"

கை சாவியிலிருந்து தானாக விலகியது. பின்சீட்டுக்கு அடியில், டேங்கிலிருந்து வரும் பழைய ரப்பர் குழாய்! அதை மாற்றவும் மறந்திருந்தார், அங்கே காகிதம் ஒற்றவும் மறந்திருந்தார். சட்டென்று இறங்கி, அவளை வெளியே இழுத்துக்கொண்டு வந்தார்.

"உங்களுக்குத் தெரியலையா?"

"ஆறு மாசமா எந்த வாசனையும் தெரியலை."

அவள் முகம் வெளுத்தது.

"தினம் விடியக்காலைல, நானும் பிள்ளைங்களும் தூங்கறப்போ, கேஸ் அடுப்பைப் பத்தவைக்கிறது நீங்கதானே?"