பதினொரு பழைய ஃபோனும் ஒரு பாத்ரூம் தாழ்ப்பாளும்

பல் டாக்டர் கிளினிக்கில் இருபத்திரண்டு வருடமாக வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளுக்கு, பெற்றவர்கள் வைத்த பெயர் எப்போதோ மறந்துபோயிற்று. நிலைத்த பெயர் ‘ஒருவேளையம்மா’. வாயைத் திறந்தால் ‘ஒருவேளை’ என்றுதான் ஆரம்பிப்பார். ஒருவேளை மழை வந்துட்டா, ஒருவேளை சாவி தொலைஞ்சுட்டா. நல்ல செய்தி சொன்னால்கூட, ஒருவேளை அது உண்மையா இருந்துட்டா என்று கவலைப்படுகிற ஜென்மம்.

போதாக்குறைக்குப் பழைய செல்ஃபோன் பைத்தியம் வேறு. சிம் இல்லாவிட்டாலும், சார்ஜ் மட்டும் இருந்தால் எந்த ஃபோனிலிருந்தும் அவசர உதவி எண்ணுக்குப் பேசலாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சொன்னவர் போய்விட்டார், மாட்டிக்கொண்டது பல்வலிக்காரர்கள். வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் போய், “வீட்ல பழைய ஃபோன் சும்மாதானே கிடக்கு? அடுத்த தடவை கொண்டு வந்துடுறீங்களா?” என்பார். பேச முடியாத மனிதர் என்ன செய்வார்? தலையை ஆட்டுவார். ஆட்டிய தலைக்கெல்லாம் ஒரு ஃபோன் வந்து சேர்ந்தது. அவற்றைத் துடைத்து, தனியாக வாழும் வயதானவர்களுக்குக் கொடுப்பார். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: ‘சிம் இல்லை. அவசர எண் மட்டும் போகும். விளையாட்டுக்கு அழைக்கக் கூடாது. பேரனிடம் கொடுக்கவே கூடாது.’

கொடுத்தது போக வீட்டில் பதினொன்று. கட்டிலுக்கடியில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று, தண்ணீர்த் தொட்டிமேல் பிளாஸ்டிக் உறைக்குள் ஒன்று, பாத்ரூமில் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்கியபடி ஒன்று. ஞாயிற்றுக்கிழமை சார்ஜ் போடும் நாள். மெல்லிய சார்ஜர் பின் ஐந்து, தடித்த பின் நான்கு, எந்த சார்ஜருக்கும் லேசில் அடங்காத ரகம் இரண்டு. அன்றைக்கு மிக்ஸி போடக்கூட பிளக் கிடைக்காது.

காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய அக்கா ஒருநாள் குளிக்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, நாலு மணி நேரம் ஈரத்தரையில் கிடந்தாள். ஃபோன் அடுத்த அறையில் அடித்துக்கொண்டே இருந்தது. அழைத்துக்கொண்டிருந்தது தங்கைதான். அக்கா இன்றைக்கு நன்றாக நடக்கிறாள், அவள் வாய் அதைவிட நன்றாக நடக்கிறது. ஆனாலும் யாரும் எடுக்காத அந்த மணிச்சத்தம் தங்கையின் காதைவிட்டு இன்னும் போகவில்லை.

கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். கிண்டல் அவருக்குப் பரம்பரைச் சொத்து. “நேத்து ஃபோனைத் தேய்ச்சுக் குளிச்சுட்டேன், நுரையே வரலை” என்பார். கல்லூரிக்குப் போகும் மகள் ஒருபடி மேலே போய் கெடு வைத்தாள்.

“ஒரு வருஷம் டைம்மா. அதுக்குள்ள ஒரு ஆபத்தாவது வரணும். வரலைன்னா பதினொண்ணும் பழைய சாமான் கடைக்கு. கிளினிக்லயும் இனிமே யார்கிட்டயும் கேக்கக் கூடாது.”

கணவர் கைதட்டினார். அம்மாவும் ரோஷத்தில் சரி என்று சொல்லித் தொலைத்தார்.

அந்த வருடம் பார்த்து ஆபத்து அவர்கள் வீட்டுப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பத்து மாதம் பொறுத்தவர், மனசு விட்டுப்போய், சார்ஜ் போடுவதையே நிறுத்திவிட்டார். ஏன் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் அவருக்கு ரொம்ப வலித்தது.

கெடு முடியும் நாள் சாயங்காலம் மகள் சாக்குப்பையோடு தயாராக இருந்தாள். அம்மா முகம் கழுவ பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். திரும்ப இழுத்தால் வரவில்லை. முக்கினார், திருகினார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

பயம் வரவேண்டிய இடத்தில் அவருக்கு சந்தோஷம் வந்தது. ஆபத்து, அதுவும் கடைசி நாளில், வீடு தேடி வந்திருக்கிறது. கை ஃபோனுக்குப் போனது. ஆனால் இருபத்திரண்டு வருடம் ஃபோன் எடுத்தவர் அல்லவா? அந்தப் பக்கம் என்ன கேட்பார்கள் என்று தெரியாதா? மனசுக்குள் ஒரு ஒத்திகை பார்த்தார்.

“என்ன ஆபத்து?”

“பாத்ரூம்ல மாட்டிக்கிட்டேங்க.”

“வீட்ல யாரும் இல்லையா?”

“இருக்காங்க. கூடத்துல டிவி பாக்குறாங்க.”

“அவங்களைக் கூப்பிடுங்களேன்.”

“கூப்பிட்டா நான் தோத்துடுவேனே.”

ஒத்திகை தேறவில்லை. சரி, ஒருவேளை வழுக்கி விழுந்திருந்தால்? சுவரைப் பிடித்துக்கொண்டு, ஈரம் படாத இடமாகப் பார்த்து, மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். எங்கேயும் வலிக்கவில்லை. இதை விழுந்தது என்று சொன்னால் அக்காவே சிரிப்பாள். நிமிர்ந்தால், ஃபோன் முதுகில் தானே எழுதி ஒட்டிய சீட்டு கண்முன் தொங்கியது: விளையாட்டுக்கு அழைக்கக் கூடாது. இந்த நேரம் பார்த்து யாராவது நிஜமாகவே விழுந்து கிடந்தால்? போகட்டும், தோற்றால் தோற்றுவிட்டுப் போகிறேன் என்று எழுந்தார்.

அப்போதுதான் உறைத்தது. சார்ஜ் போட்டே இரண்டு மாதம் ஆகிறதே, அழைத்திருந்தாலும் போயிருக்காது. சும்மா ஒருமுறை அழுத்திப் பார்த்தார். திரை பளிச்சென்று எரிந்தது. சார்ஜ் முழுசாக இருந்தது.

அம்மா குவளையால் கதவைத் தட்டினார். நாலைந்து தட்டுக்கு அப்புறம் டிவி சத்தம் நின்றது. கணவர் ஸ்க்ரூடிரைவரோடு வந்து சேர்ந்தார்.

“உள்ளதான் ஃபோன் இருக்கே, கூப்பிட வேண்டியதுதானே?”

“கூப்பிடுற அளவுக்கு ஆபத்து இல்லைங்க. நான் தோத்துட்டேன். ஆனா இதுல சார்ஜ் எப்படி முழுசா இருக்கு?”

வெளியே ஸ்க்ரூடிரைவர் சத்தம் நின்றது.

“என்னைக் கேக்காதம்மா, நான் தொடவே இல்ல” என்றாள் மகள்.

ஸ்க்ரூடிரைவர் மறுபடி கிறீச்சிட்டது. பிறகு தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

“காலை டியூட்டிக்கு எந்திரிக்கிறப்ப சும்மாதானே இருக்கேன். ஒவ்வொண்ணா போட்டேன். ஒருவேளைன்னு…” என்றார் கணவர். “உன் அக்கா விழுந்தப்ப கதவை உடைச்சது நான்தானே. அவ கிடந்த கிடை எனக்கு மட்டும் மறந்துடுமா?”

கதவு திறந்தது. அவர் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் தாழ்ப்பாளையே ஆராய்ந்துகொண்டு நின்றார். மகள் சாக்குப்பையை மடிக்க ஆரம்பித்தாள்.

“பதினொண்ணுக்கும் போட்டீங்களா?” என்றார் அம்மா.

“பன்னிரண்டு. என் பஸ்ல சீட்டுக்கடியில ஒண்ணு வெச்சிருக்கேன்.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“அது எந்த பின்? மெல்லிசா, தடியா?”