ஒரு உயிருக்கு இரண்டு மொட்டை

மாநிலம் பிரித்த சமயம், எங்கள் ஊர் ஆந்திராவுக்கா, மெட்ராசுக்கா என்று மேலே பெரியவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்குப் பொறுமை இருந்தது. பக்கத்து நிலத்துக்காரனான என் பங்காளிக்கு இல்லை. நகரிப் பக்கம் எங்கள் கிணற்றடியில் இதே பேச்சு சண்டையாக முற்றி, நான் திரும்பி நடந்தபோது பின்னந்தலையில் கொடுவாளால் ஒரு போடு போட்டான். இத்தனைக்கும் மெட்ராசுக்குத்தான் போகணும் என்று அவனும் சொன்னான், நானும் சொன்னேன். யார் முதலில் சொன்னது என்பதில்தான் தகராறு!

சித்தூர் ஆஸ்பத்திரியில் பிழைத்து எழுந்தேன். முடி வளர்ந்து தழும்பை மூடிவிட்டது. மனசு மட்டும் ஆறவில்லை. கோர்ட்டில் கைகாட்டி, அவனை உள்ளே தள்ளிவிட்டுத்தான் மறுவேலை என்றிருந்தேன்.

நான் பிழைத்தால் திருமலையில் எனக்கு மொட்டை என்று என் பெண்டாட்டி வேண்டியிருந்தாளாம். சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு முதல் நாள் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே பார்த்தால், ஜாமீனில் வந்த அந்தப் பாவி தன் அம்மாவோடு நிற்கிறான்! நான் செத்தால் மகனுக்குத் தூக்கு என்று பயந்து, நான் பிழைக்க வேண்டி அவளும் மகன் முடியை நேர்ந்துகொண்டிருக்கிறாள். அட ஏழுமலையானே!

மொட்டை போடும் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. வந்தவன் வேறு ஆளிடம் நழுவாதிருக்க, நாவிதர் நடுத்தலையில் ஒரு வரி மழித்துவிட்டு அடுத்தவனிடம் போய்விடுவார். அந்தக் கோலத்தில் எங்கே ஓடுவது? எனக்கு ஒரு வரி, பக்கத்தில் அவனுக்கு ஒரு வரி. ஈரத்தலையோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம்.

"இன்னாடா பாக்கற?"

"ஒண்ணுமில்லண்ணா."

நாவிதர் திரும்பி வந்து என் தலையைக் குனிய வைத்தார். கத்தி பின்பக்கம் இறங்கியதும் அவன் துள்ளியெழுந்து அவர் கையைப் பிடித்துவிட்டான். "அண்ணா, ஜாக்ரத்த! அக்கட காயம் உந்தி!" என்று அவரிடம் தெலுங்கில் சொல்லி, காயம் இருந்த இடத்தில் முடிக்கு மேலேயே விரலை வைத்தான். எண்ணெய் தேய்க்கும் என் பெண்டாட்டிகூட அந்த இடத்தைத் தடவித் தேடித்தான் கண்டுபிடிப்பாள். இவன் விரல் நேராகப் போய் அங்கே நின்றது.

எனக்கு வந்ததே கோபம்! "வெட்டறப்போ எங்கடா போச்சு இந்த ஜாக்ரத்த?"

"தெரியலண்ணா. கண்ண மூடுனா அந்த எடம்தான் தெரியுது. சோறு துன்ன முடியல" என்று ஓவென்று அழுதான். பாதி மொட்டையோடு அழுகிறவனிடம் யாரால் கோபத்தைப் பிடித்து வைக்க முடியும்? சிரித்துவிட்டேன். சிரிக்கச் சிரிக்க எனக்கும் அழுகை வந்தது. தலையை ஆட்டாதீர்கள் என்று நாவிதர் தெலுங்கில் இருவரையும் வைதார்.

மறுநாள் சித்தூர்க் கோர்ட்டில் கூண்டேறினேன். வெட்டியது யார் என்று கேட்டார்கள். எதிரே இருந்த மொட்டையைக் கைகாட்டினேன்.

"இவன்தான் சாமி. உட்டுடுங்க. பஸ்சுக்கு நேரமாவுது, ஊட்டுக்கு இட்டுக்கினு போறேன்."