குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை

"தொலைத்தொடர்புக் கருவி எதிலும், உற்பத்தியாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் பிரிவு அதிகாரியின் சோதனைக் குறிப்பும் இல்லாமல் எந்த அமைப்பையும் மாற்றக் கூடாது." எங்கள் தொழிற்சாலையின் நிர்வாகக் கையேட்டில் இது பதினேழாவது விதி. வாக்கியம் கொஞ்சம் நீளம், ஆனால் ஓட்டை இல்லாதது. எழுதியவன் நான் என்பதால் அந்த நற்சான்றையும் நானே கொடுத்துக்கொள்கிறேன். ஓய்வு பெற்றபோது கையேட்டின் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பதினேழாவது விதி இருக்கும் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறது. பச்சை மையில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் போட்டு நான்கு கோடெக்குகளின் பெயர்கள்; கோடெக் என்றால் என்ன என்பது பின்னால் வரும். முதல் வரியின் கீழே அழுத்தி ஒரு கோடு. எழுதியவர் எங்கள் டெலிபோன் ஆபரேட்டர். என்னைவிடப் பதினைந்து வயது சிறியவர், ஆனாலும் வொர்க்ஸ் மேனேஜர் முதல் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி வரை எல்லோருக்கும் அவர் ஆபரேட்டர் அம்மா. எனக்கு அந்தத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருட சர்வீஸ். என்னை யாரும் எந்த உறவுமுறையிலும் அழைத்ததில்லை.

ஓசூரில் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். இங்கே ஒருவரிடம் வாயைத் திறப்பதற்கு முன்னால், அவரிடம் எந்த மொழியில் பேசுவது என்று ஒரு சின்னக் கணிப்பு நடக்கும். தமிழில் ஆரம்பித்து, அவர் முகம் சுருங்கினால் கன்னடத்துக்குப் போய், அங்கேயும் கதவு திறக்காவிட்டால் தெலுங்கு. இரண்டு பேருக்கும் பொதுவாக எது அகப்படுகிறதோ அதில் பேச்சு ஓடும். ஆபரேட்டர் அம்மாவுக்கு அந்தத் தடவல்கூடத் தேவைப்படாது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர், வீட்டில் தெலுங்கு, படித்தது தமிழில், கன்னடம் சந்தையில் வந்தது. எதிர்முனையில் ஒருவர் "ஹலோ" சொல்ல மூச்சை இழுக்கும்போதே மொழியை முடிவு செய்துவிடுவார். பெங்களூரிலிருந்து எரிச்சலோடு கூப்பிடும் சப்ளையர், இவரிடம் பேசி முடிக்கும்போது சிரித்துக்கொண்டிருப்பார். நான் அடுத்த அறையில் உட்கார்ந்து, அவர் பேசும் ஒவ்வொரு அழைப்பும் லாக் புத்தகத்தில் பதிவாகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பதிவாகியிருக்கும். அதுவும் எனக்கு வருத்தம்தான்.

இரண்டாயிரத்துகளின் பிற்பகுதியில் எங்களுக்கு இன்டர்நெட் போன் வந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு வொர்க்ஸ் மேனேஜர் ஷாப் ஃப்ளோரில் நின்றபடியே பேச வேண்டும் என்பது நிர்வாகத்தின் ஆசை. வைஃபை உள்ள நான்கைந்து மொபைல்கள் வாங்கினார்கள். அழைப்பு போனது, மணி அடித்தது, எடுத்தார்கள். குரல் மட்டும் கிழிந்த துணியாக வந்தது. ஒரு சொல்லில் பாதி வரும், அடுத்த பாதி எங்கோ மாநில எல்லையில், அத்திப்பள்ளி செக்போஸ்டில் நின்றுவிடும். நான் அந்த மொபைலின் கையேட்டை முழுக்கப் படித்தேன், சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். குரலைச் சுருக்கிக் கட்டி அனுப்பி, மறுமுனையில் பிரித்துப் போடும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். ஒரு போன் பல முறைகளை அறிந்திருக்கும். மறுமுனைக்கும் அதில் ஒன்றாவது தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவும் புரிந்தது. புரிந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். உற்பத்தியாளருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதினேன்: தங்கள் கருவி எந்தெந்த கோடெக்குகளை ஆதரிக்கிறது, அவற்றின் வரிசையை நாங்கள் மாற்றலாமா, தயவுசெய்து எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கவும். பதில் இல்லை. முதல் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல். வொர்க்ஸ் மேனேஜர் திருநெல்வேலிக்காரர். கேன்டீனில் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "என்ன சார், உங்க லெட்டர் பஸ்ல போகுதா, இல்ல நடந்தே போகுதா?" ஆபரேட்டர் அம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அதே மாதத்தில்தான் இன்னொரு ஃபைல் என் மேசைக்கு வந்தது. தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வரப்போவதால் ஆபரேட்டர் பதவி நீக்கப்படுகிறது. அவரை பேக்கிங் பிரிவுக்கு அனுப்பலாம், அல்லது தொலைத்தொடர்புப் பிரிவிலேயே டெக்னிக்கல் உதவியாளராக வைத்துக்கொள்ளலாம். பிரிவு அதிகாரியின் குறிப்பைப் பொறுத்து முடிவெடுக்கப்படும். பிரிவு அதிகாரி நான். இது அவருக்கும் தெரியும். ஒருமுறை மட்டும், லாக் புத்தகத்தை வைத்துவிட்டுப் போகும்போது சொன்னார்: "எனக்குக் காது ஒண்ணுதான் சார் படிப்பு. பேக்கிங்ல போட்டா அதுக்கு வேலையே இல்லீங்க."

மறுவாரம் நான் கிருஷ்ணகிரிக்கு ஓர் அரசு அலுவலக வேலையாகப் போய்த் திரும்பினேன். ஆபரேட்டர் அறையின் கவுண்டரில் வொர்க்ஸ் மேனேஜர் முழங்கையை ஊன்றி நின்றுகொண்டு, கையில் இருந்த மொபைலில் பேசிக்கொண்டிருந்தார். வெளிநாட்டுக்காரரோடு. சாவகாசமாக. பக்கத்தில் வைத்த டீ ஆடை கட்டியிருந்தது. அந்த மனிதர் என் அறையில் இருபது வருடத்தில் ஒருமுறைகூட முழங்கையை ஊன்றியதில்லை. வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போகிறவர். அந்த முழங்கையைப் பார்த்தபோது எனக்குள் எழுந்ததற்கு நிர்வாகக் கையேட்டில் பெயர் இல்லை. வெளியே அதைப் பொறாமை என்பார்கள்.

என்ன செய்தீர்கள் என்று ஆபரேட்டர் அம்மாவைக் கேட்டேன். பச்சை மையில் எழுதிய சீட்டைக் காட்டினார். "ஒண்ணுமில்லீங்க சார். நம்ம பஸ் ஸ்டாண்டுல ஆளப் பாத்துப் பேச்ச மாத்திக்கறமே, அதேதான். இந்த போனு எடுத்த எடுப்புல தனக்குப் பிடிச்ச பாஷையில பேசுது. அது பெரிய பாஷை, நம்ம லைனு சின்ன சந்து. லாரிய சந்துக்குள்ள விட்டா எப்படிங்க? சின்னத மேல ஏத்தி வெச்சேன், அவ்ளோதான்." மொபைலின் அமைப்புகளுக்குள் போய், நான்கையும் மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொன்றுக்கும் கோடவுனைக் கூப்பிட்டுக் கேட்டுப் பார்த்திருக்கிறார். நான் கோடு போட்டுப் படித்த கையேட்டை அவர் திறக்கவே இல்லை. எனக்கும் காட்டுவதாகச் சொல்லி, பழைய வரிசையில் ஒரு அழைப்பும் புதிய வரிசையில் ஒரு அழைப்பும் வாடிக்கையாளரின் அலுவலகத்துக்குப் போட்டு, இரண்டு தடவையும் போனை என் காதில் கொடுத்தார். "மொதல்ல வந்தது கனமா இருக்கும், ஆனா பிஞ்சு பிஞ்சு வரும். ரெண்டாவது கொஞ்சம் மூக்கால பேசற மாதிரி, ஆனா முழுசா வரும். வித்தியாசம் கேக்குதுங்களா சார்?"

கேட்கிறது என்றேன்.

கேட்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் எட்டு வருடம் பிரஸ் ஷாப்பில் டைம் கீப்பர். அந்த இரும்புச் சத்தம் என் காதுகளிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போனது, திருப்பித் தரவில்லை. எனக்கு இரண்டு அழைப்பும் ஒன்றுதான்: தூரத்தில் ஒரு முணுமுணுப்பு, ஊகித்துக்கொள்ள வேண்டியது. வருடாந்திர காதுப் பரிசோதனையில் மட்டும் தவறாமல் தேறிவிடுவேன். பொத்தானை அழுத்தும்போது நர்ஸின் தோள் லேசாக அசையும், அப்போது விரலைத் தூக்க வேண்டும். எல்லா நடைமுறையும் அறிந்தவன் என்று என்னைச் சும்மா சொல்லவில்லை.

கவுண்டரிலிருந்து என் அறைக்குப் பன்னிரண்டு அடி. உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, பதினேழாவது விதியின்படி சோதனைக் குறிப்பு எழுதினேன்: "கோடெக் வரிசை அனுமதியின்றி மாற்றப்பட்டுள்ளது. இரு வரிசைகளிலும் அழைப்பு செய்து கேட்கப்பட்டது. குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. உற்பத்தியாளரின் பதில் வரும்வரை பழைய வரிசையே தொடர வேண்டும்." ஒரு பொய்கூட இல்லாத குறிப்பு. என் காதுக்கு வேறுபாடு இல்லைதான். அவரிடம் கேட்கிறது என்று சொன்ன வாய்க்கும் இதை எழுதிய கைக்கும் நடுவில் பதினைந்து நிமிடம் இருந்திருக்கும். பதவி ஃபைலோடு அந்தக் குறிப்பின் நகலை இணைத்தேன். தனியாகக் கருத்து எதுவும் எழுதவில்லை. தேவைப்படவில்லை.

வொர்க்ஸ் மேனேஜர் கோபமாக வந்தார், முழங்கை ஊன்றாமல். நான் தரச் சான்றிதழ் ஆடிட் நெருங்குவதை நினைவூட்டினேன். பதிவேட்டில் இல்லாத மாற்றத்தை ஆடிட்டர் கண்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டேன். ஓசூரில் ஆடிட் என்ற சொல்லுக்கு அடங்காத மேனேஜர் இல்லை. "சரி, ஆடிட் முடியட்டும்" என்று போய்விட்டார். எல்லா மொபைலும் பழைய வரிசைக்குத் திரும்பின, குரல்கள் மறுபடி கிழிந்தன. மொபைல்களைத் திருப்பி மாற்றியவரும் ஆபரேட்டர் அம்மாதான், வேறு யாருக்கும் அது தெரியாது. மாற்றி முடித்ததும் சீட்டை என் மேசையில் வைத்தார். "பதில் வந்தா ஒத்துப் பாத்துக்குங்க சார்" என்றார். பிறகு, நின்று, சண்டை போடுகிற தொனியே இல்லாமல் கேட்டார்: "கேக்குதுன்னு சொன்னீங்களே சார்?" மேசை மேல் இருந்த தாள்களை அடுக்கிக்கொண்டே, விதி என்று ஒன்று இருக்கிறதம்மா என்றேன்.

பேக்கிங் பிரிவில் இரண்டு மாதம் இருந்தார். அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுவதை ஒருமுறை தூரத்திலிருந்து பார்த்தேன். பிறகு ராஜினாமா. எல்லைக்கு அந்தப் பக்கம், மொபைல்களில் இன்டர்நெட் அழைப்பின் குரலைச் சோதிக்கும் கம்பெனி ஒன்று அவரை எடுத்துக்கொண்டது என்று கேள்விப்பட்டேன். நாள் முழுக்க ஹெட்போன் போட்டுக்கொண்டு, எந்த கோடெக் எப்படிக் கேட்கிறது என்று மதிப்பெண் போடுவதுதான் வேலையாம். வொர்க்ஸ் மேனேஜர் இதை என்னிடம் சொல்லும்போது சொந்தத் தங்கையின் கல்யாணச் செய்தியைப் போலச் சொன்னார். எனக்குக் குற்ற உணர்ச்சி வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது அதுவல்ல. அவருக்கு ஹெட்போன் கொடுத்திருக்கிறார்களே என்பதுதான்.

போன வருடம் பாகலூர் ரோட்டில் ஒரு கடையில் காதுக் கருவி பொருத்திக்கொண்டேன். பொருத்திய பெண் அளவைத் திருகிவிட்டு, "இப்ப வித்தியாசம் தெரியுதுங்களா ஐயா?" என்றாள். தெரு முழுவதும் திடீரென்று என் தலைக்குள் வந்தது. ஆட்டோ ஹாரன், கன்னடத்தில் யாரோ பேரம் பேசுவது, என் சட்டைத் துணி உரசும் சத்தம். தெரிகிறது என்றேன். இந்தக் கேள்விக்கு நான் சொன்ன முதல் உண்மையான பதில் அது. இப்போதெல்லாம் வெளிநாட்டிலிருந்து மகள் மொபைலில் கூப்பிடுகிறாள். எந்த கோடெக் என்று யாரும் யோசிப்பதில்லை, போன்களே தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்கின்றன. அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது. கேட்கும்போது, இதை இன்னொருவர் எந்தக் கருவியும் இல்லாமல், ஒரு கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். பொறாமை குறையவில்லை. இப்போதுதான் எதன்மேல் பொறாமைப்பட்டேன் என்று சரியாகத் தெரிகிறது.

உற்பத்தியாளரின் பதிலையும் அந்தச் சீட்டுக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். மூன்றே வாக்கியம். கோடெக் வரிசையைப் பயன்படுத்துபவரே மாற்றிக்கொள்ளலாம், எங்கள் சம்மதம் தேவையில்லை. குறுகிய இணைப்புகளுக்குக் கீழ்க்கண்ட வரிசையைப் பரிந்துரைக்கிறோம். தாமதத்துக்கு வருந்துகிறோம். கீழே நான்கு பெயர்கள். பச்சை மைச் சீட்டோடு வைத்து, அவர் சொன்னபடியே, ஒத்துப் பார்த்தேன். நான்கும் அதே வரிசை. அன்று தொழிற்சாலை முழுக்க இயந்திரங்களைத் துடைத்துச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள். வருடா வருடம் எக்ஸ்சேஞ்ச் போர்டுக்கு முதல் பொட்டு வைக்கும் கை அங்கே இல்லை. யாருக்கும் அந்த அறையின் ஞாபகம் வரவில்லை. கடிதத்தை வரவுப் பதிவேட்டில் ஏற்றி, முத்திரை குத்தி, பதில் பெறப்பட்ட தேதியை நானே என் கையால் எழுதினேன். ஆயுத பூஜைக்கு முதல் நாள். ஆபரேட்டர் அம்மா கணக்கை முடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனதற்கு மறுநாள்.