கோணலாக இருந்த பட்டை

தாஜுல்சிர் என்கிற தாஜும் நானும் விமானக் கட்டுப்பாட்டு அறையில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நைலில் படகு ஓட்டியவரின் மகன் அவன், ஆனால் நீச்சல் தெரியாது. தண்ணிக்குப் பயந்துதான் ஆகாயத்துக்கு வந்தாய் என்று கேலி செய்வேன். பத்தொன்பது வருஷம் விமானங்களுக்கு வழி சொன்னவன், ஒரு விமானத்திலும் ஏறியதில்லை. மனைவி பதூரை ஒரு தடவையாவது கெய்ரோவுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பான்.

மேற்கே பாலைவனத்துக்கு மேல் எங்கள் ராடார் எட்டாது. விமானிகள் சொல்கிற இடத்தையும் நேரத்தையும் உயரத்தையும் காகிதப் பட்டைகளில் எழுதிப் பலகையில் அடுக்குவோம். இரண்டு விமானங்கள் ஒரே உயரத்தில் ஒரே இடத்துக்கு வந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் பிழைப்பு. ஒரு விமானத்துக்குச் செய்ய வேண்டியது ஏதாவது பாக்கி இருந்தால் நான் அதன் பட்டையில் சிவப்பு மையில் வட்டம் போடுவேன். தாஜ் வட்டம் போடாமல் பட்டையைக் கோணலாக இழுத்து வைப்பான். அது நேராகும்வரை தேநீரைத் தொடமாட்டான்.

"உன் பலகையைப் பார்த்தா பல்லு போன கிழவன் சிரிக்கிற மாதிரி இருக்குடா" என்பேன்.

"சிரிக்கட்டும். நீ அழாம இருந்தா சரி" என்பான்.

அந்தப் புதன்கிழமை காலை பத்தரைக்கு பதூர் படுத்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து அவள் தம்பி அவாத் கூப்பிட்டான். போனை எடுத்தது நான்.

"மாமாவை உடனே அனுப்புங்கண்ணே. அக்கா கண்ணைத் திறந்து அவரையே தேடுது. தண்ணிகூட உள்ள இறங்கல. இனி மணிக்கணக்குதான்னு டாக்டர் சொல்லிட்டாரு."

விதிப்படி, இன்னொருவனிடமிருந்து பலகையை ஏற்றுக்கொள்பவன் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு விமானத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். விஷயத்தைச் சொன்னதும் தாஜின் முகம் வெளிறிவிட்டது. அப்போதும் விதியை விடவில்லை.

"உட்காரு. பதினோரு விமானம். முதல்ல இந்தச் சரக்கு விமானம்..."

"எனக்கென்ன கண்ணு இல்லையா? அவ உனக்காக உசிரைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கா. கிளம்புடா."

எழுந்து கதவுவரை போனவன் திரும்பி வந்தான். "ஹாஷிம், அந்தக் கோணலா இருக்கிறது..."

"போய்த் தொலைடா" என்றேன். போனான்.

கோணல் என் கண்ணை உறுத்தும். ஒரு விமானியோடு பேசிக்கொண்டே யோசிக்காமல் அந்தப் பட்டையை இரண்டு விரலால் தட்டி நேராக்கினேன். சிவப்பு வட்டம் எங்குமில்லை, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்தேன். அறிவுகெட்டவன் நான். வடக்கேயிருந்து வந்த சரக்கு விமானமும் கிழக்கே போன பயணிகள் விமானமும் முப்பத்தையாயிரம் அடியில் ஒரே இடத்துக்கு வந்துகொண்டிருந்தன. ஒன்றின் உயரத்தை மாற்ற வேண்டும் என்பதற்குத்தான் அந்தக் கோணல்.

பதினொன்று நாற்பதுக்குப் பயணிகள் விமானத்திலிருந்து குரல் வந்தது. "மோதல் தடுக்கிற கருவி மேல ஏறச் சொல்லுது. ஏறுறோம்."

கருவி பேசிவிட்டால் நாங்கள் வாய் திறக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் போயிருக்கும்.

"விலகியாச்சு. சரக்கு விமானம் எங்க வயித்துக்குக் கீழயே போச்சு சார். அது மேல எழுதியிருந்ததைக்கூடப் படிச்சேன்."

உள்ளே நூற்று எழுபத்து நாலு பேர்.

மேலதிகாரி ஓடி வந்தார். "கிளம்பறப்ப தாஜ் இதைச் சொன்னானா?"

நான்தான் சொல்ல விடவில்லை என்று பதில் சொல்லியிருக்க வேண்டும். உரிமம் போய்விடுமே என்ற பயத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். வார்டுக்கு வெளியே, தாழ்வாரத்துக் கோடியில்தான் அங்கே போன் இருந்தது. தாஜைக் கூப்பிட்டு வரச் சொல்லிக் காத்திருந்தார். பேசி முடித்து, தாஜ் சொன்னதை என்னிடம் அப்படியே சொன்னார்: "நான் சொல்லலை சார். தப்பு என்னுது. போனை வெச்சிடட்டுமா?"

பதூர் அன்றைக்கே போய்விட்டாள். மூன்றாம் நாள், தாஜின் உரிமத்தை ரத்து செய்த கடிதத்தை என் கையிலேயே கொடுத்தனுப்பினார்கள். நானும் வாங்கிக்கொண்டு போனேன். தெருவை அடைத்துத் துக்கப் பந்தல் போட்டிருந்தது. கையேந்தி, இறந்தவளுக்காக ஃபாத்திஹா ஓதிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடிதத்தைப் படித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

"அந்தப் பட்டையை நான்தான்டா நேராக்கினேன்."

"சார் போன்ல கேட்டப்பவே தெரியும். கோணலைப் பார்த்தா உன் கை சும்மா இருக்காதே."

"அப்புறம் ஏன்டா உன் தப்புன்னு சொன்னே?"

"நடந்ததைச் சொல்லணும்னா பத்து நிமிஷமாவது ஆகும். உள்ள அவ என் கையை விடாம பிடிச்சிருந்தா. அவ விரலைப் பிரிச்சு எடுத்துட்டுப் போனுக்கு வந்திருந்தேன். என் தப்புன்னு சொன்னா சீக்கிரம் போனை வெச்சிடலாமேன்னு பார்த்தேன்."

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "திரும்பப் போய்ப் பிடிச்சியா?"

"நான் போறதுக்குள்ள அவாத் அவ கண்ணை மூடிவிட்டுட்டான்" என்றான்.