வாய் வைக்காத சிலை

பேய், முனி, செய்வினை என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். கருமத்தம்பட்டியில் ஒரு தகரக் கொட்டகையில் கல் செதுக்கிக்கொண்டிருந்தேன். சாமி சிலை இல்லை, மனித உருவங்கள். ஒரு ஆளிடமிருந்து எதையெல்லாம் எடுத்த பிறகும் அவன் ஆளாகவே நிற்கிறான் என்று பார்ப்பதுதான் என் பைத்தியம். விரலை எடுத்தேன், மூக்கை எடுத்தேன், கடைசியில் கண்ணையும் வாயையும் எடுத்தேன். வாங்க ஒருவரும் வரவில்லை, அம்மி கொத்தித்தான் சோறு தின்றேன். பத்து வருடத்தில் முதல்முறையாக மெட்ராஸ் கண்காட்சிக்கு ஒரு சிலையைக் கேட்டிருந்தார்கள். ஒரு சிறுமி நிற்கிற மாதிரி கல்.

பக்கத்து வீட்டில் தறி ஓட்டிய மாராத்தாள் அதைப் பார்த்துவிட்டாள். அவள் மகள் சரசுவுக்கு ஒன்பது வயது, பிறந்ததிலிருந்து பேச்சு இல்லை. எங்கள் பக்கம் கையில் நோவென்றால் மண்ணில் கை செய்து கோயிலில் வைப்பார்கள், உருவாரம் என்று. என் கல்லையும் அப்படி நினைத்துக்கொண்டாள்.

“ஏனுங்கண்ணா, எம்புள்ளையாட்டமே செஞ்சுபோட்டீங்க. வாயி மட்டும் வெச்சுடுங்க, அது பேசிப்போடும்.”

இது அதில்லை என்று விளக்கினேன், கத்தியும் பார்த்தேன். அவள் தினமும் வந்து வாசலில் நின்றாள், அழக்கூட இல்லை. ஒருநாள் காலையில் தொல்லை தாங்காமல் சிற்றுளியை எடுத்து ஒரு கீறல் போட்டு, போதுமா என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மத்தியானம் பார்த்தால் சிலை கெட்டுப்போயிருந்தது. பத்து வருட உழைப்பு திருவிழாப் பொம்மையாக இளித்தது. மறுநாள் லாரி வருகிறது. கல்தூளும் சிமெண்டும் குழைத்து, விளக்கு வைக்கிற நேரத்தில் அந்தக் கீறலைப் பூசி அடைத்தேன், மேலே சாக்கைப் போட்டு மூடினேன்.

விடிந்ததும் மாராத்தாள் வந்தாள். நேற்று உச்சிப்பொழுதில் சரசு தண்ணி வேணும் என்று வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள், தெருவே கூடிவிட்டதாம், பொழுதெல்லாம் பேசியிருக்கிறாள்.

“வெளக்கு வெக்கறப்ப நின்னுபோச்சுங்கண்ணா. வாயத் தெறக்குது, சத்தம் வரமாட்டேங்குது. சிலைக்கு ஏதாச்சும் ஆச்சுங்களா?”

ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னேன்.

அவள் போனதும் சாக்கை எடுத்தேன். ஒரு ராத்திரிப் பூச்சு, நகத்தால் சுரண்டினாலே உதிர வேண்டும். பூச்சையே காணோம். நம்பினால் நம்புங்கள், தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன், வெயிலில் நகர்த்திப் பார்த்தேன், எங்கே கீறினேன் என்றே தெரியவில்லை, எல்லாம் ஒரே கல். குத்துமதிப்பாக ஓர் இடத்தில் உளியை வைத்து அடித்தேன். மூன்றாவது அடியில் தலை கழுத்துவரை பிளந்தது. லாரியை வெறுமனே அனுப்பினேன். அதற்குப் பிறகு உருவம் எதுவும் செய்யவில்லை.

சரசு பேசவே இல்லை. மாராத்தாள் கடைசிவரை என்னை நல்ல மனுஷன் என்றே நினைத்துப் போய்ச் சேர்ந்தாள். பூசி அடைத்ததை நான் எவரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் முதல்முறை. சரசுவுக்கு இப்போது நரைத்துவிட்டது. சந்தையில் எதிரே வந்தால் நின்று என்னையே பார்ப்பாள், பார்த்துக்கொண்டே கட்டைவிரலால் தன் உதட்டை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை மெதுவாக ஒருமுறை அழுத்தித் தேய்ப்பாள். அந்தப் பூச்சை நான் கரண்டியால் பூசவில்லை, கட்டைவிரலால்தான் பூசினேன்.