புலின் ஹாஜ்ராவின் முப்பது

புலின் ஹாஜ்ராவின் முப்பது, முப்பது நொடி அல்ல. அதைக் கண்டுபிடித்தவள் அவர் மகள் சுதபா. கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

கொல்கத்தாவுக்குப் பக்கத்தில், கோன்நகரில் கங்கைக் கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது அந்த உடற்பயிற்சிக் கழகம். சிவப்புச் சிமெண்டுத் தரை, இரும்பு எடைகள், சுவரில் மாலை போட்ட அனுமார். கூடத்தின் வலப்பாதியில் வாலிபர்கள் எடை தூக்குவார்கள். இடப்பாதி முப்பத்தெட்டு வருடமாகப் புலினுடையது. மதியம் தொடங்கி ராத்திரி வரை சணல் ஆலையில் தறி ஓட்டுவார். காலை ஆறிலிருந்து ஏழு வரை குழந்தைகளுக்கு யோகாசனம் சொல்லித் தருவார். ஆலையை ஒருநாள் மூடிவிட்டார்கள். காலை வகுப்பை அவர் மூடவில்லை.

அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலும் சீட்டுக் குழந்தைகள். ஊருக்கே அவர் ‘புலின்தா’, புலின் அண்ணன். ஊர் டாக்டர்கள் மருந்துச் சீட்டின் அடியில் ‘புலின்தாவிடம் அனுப்பவும்’ என்று ஒரு வரி எழுதிவிடுவார்கள். இளைப்பு, கூன் முதுகு, திக்குவாய், படுக்கையை நனைப்பது, காரணமில்லாத அழுகை. புலின் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அட்டை எழுதுவார். ஆசனங்கள் மாறும். கடைசி வரி மட்டும் எல்லா அட்டையிலும் ஒன்றே: ஒவ்வோர் ஆசனத்துக்குப் பிறகும் அதே அளவு நேரம் சவாசனம். முப்பது எண்ணும்வரை வளைய வேண்டும். முப்பது எண்ணும்வரை பிணம்போலக் கிடக்க வேண்டும். எண்ணுவது அவர். கூடத்தில் கடிகாரம் கிடையாது.

“எல்லாரும் செத்தாச்சா?”

“செத்தாச்சு ஸார்!”

“செத்தவன் எங்கடா பதில் சொல்றான்?”

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் ‘ஒன்று’ என்பார்.

வாசலில் காத்திருக்கும் அப்பாக்களுக்கு இது பிடிக்காது.

“பாதி நேரம் தரையில படுக்க வைக்கத்தான் இவனை சைக்கிள்ல வச்சு மிதிச்சுக்கிட்டு வரேனா, புலின்தா? வீட்லயே படுத்துக் கிடப்பானே.”

“வீட்ல படுத்தா தூங்கிடுவான். இங்க படுத்தா சும்மா இருப்பான். நாள் பூரா அதைச் செய் இதைச் செய்னு விரட்டுறீங்க. சும்மா இருக்க அவனுக்கு ஒரு இடம் வேணாமா? வேணும்னா நீயும் வந்து படேன்.”

ஒருவரும் படுத்ததில்லை.

டுக்டுகி வந்தபோது அவளுக்கு ஏழு வயது. அப்பா ஒருநாள் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. வேறெங்கோ வேறொரு குடும்பத்தோடு இருப்பதாகத் தகவல் மட்டும் வந்தது. அன்றிலிருந்து அவள், அம்மா ஷிகாவைத் தவிர யாரிடமும் பேசுவதில்லை. முதல் மாதம் முழுக்கப் புலின் அவளை எதுவும் செய்யச் சொல்லவில்லை. அவள் படுத்தே கிடந்தாள், முட்டியைக் கட்டிக்கொண்டு. இரண்டாம் மாதம் முட்டி அவிழ்ந்தது. பிறகு உதடுகள் அவருடைய எண்ணிக்கையோடு சேர்ந்து அசைய ஆரம்பித்தன. ஆறு மாதம் கழித்து ஒரு காலையில் அவளாகவே பேசினாள்.

“ஸார், பத்தொன்பதுல ஏன் நிக்கறீங்க?”

கூடமே திரும்பிப் பார்த்தது. புலின் அவள் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார்.

“பத்தொன்பது ஒரு ஸ்டேஷன்மா. அங்க வண்டி கொஞ்சம் நின்னுதான் போகும்.”

அன்று சுதபாவுக்குப் போன் செய்து சொன்னார். துர்காபூரில் ஒரு தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. அழுத்தமானி, வெப்பமானி எதுவானாலும் நிலையான ஒன்றின் பக்கத்தில் வைத்து, எவ்வளவு விலகியிருக்கிறது என்று படிவத்தில் எழுதுவாள். “பேசிட்டாம்மா! ஆறு மாசம் கழிச்சுப் பேசிட்டா!” என்று அவர் சிரித்தார், இடையில் இருமினார். குழந்தை பேசியதை அவளும் கொண்டாடினாள். குழந்தை என்ன கேட்டது என்பதை யாரும் கவனிக்கவில்லை.

டிசம்பரில் சுதபா விடுப்பில் வந்திருந்தபோது கழகச் செயலாளர் பிமான் வீட்டுக்கு வந்தார்.

“உங்க அப்பாவைப் பத்திக் குறை சொல்ல வரலைம்மா. நேத்து ஒரு குழந்தைக்குக் கால் நடுங்கி விழுந்துடுச்சு. ரொம்ப நேரம் நிறுத்தி வைக்கறார்னு அம்மாக்கள் சொல்றாங்க. அவர்கிட்ட கேட்டா, எப்பவும் போல முப்பதுதான்ங்கறார். நீ இன்ஜினியர். ஒருநாள் வந்து பாரேன். நீ சொன்னா கேப்பார்.”

மறுநாள் அவள் சுவரோரம் உட்கார்ந்து போனில் ஸ்டாப்வாட்சை அழுத்தினாள். முதல் முப்பது, நாற்பத்து நான்கு நொடி. அடுத்தது நாற்பத்தேழு. ஏழு மணிக்கு முன் கடைசியாக எண்ணியது ஐம்பத்தொன்று. பழைய மின்கட்டண ரசீதின் பின்புறத்தில் வரிசையாக எழுதினாள்.

வீட்டில் அவர் பொரியில் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார்.

“பாபா, உங்க முப்பது நாப்பத்தேழா இருக்கு.”

“என்ன உளர்றே?”

அவள் ரசீதை நீட்டினாள். அவர் அதைத் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

“எத்தனை நாளா?”

“அது எப்படித் தெரியும்? பழைய அளவு எதுவும் இல்லையே. கொஞ்சம் கொஞ்சமா விலகிட்டே வந்திருக்கு.”

“எனக்கு முப்பது மாதிரிதாம்மா இருந்துச்சு,” என்றார். பொரிக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினார். “பாவம், புள்ளைங்க. அவ்வளவு நேரமா நின்னுச்சுங்க? ஒண்ணுகூட வாயைத் திறக்கலையே.”

ஒன்று திறந்திருந்தது. இருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் அவரே பிமானிடம் போய்ச் சாவியும் அட்டைக் கட்டும் தவிர மற்றதையெல்லாம் ஒப்படைத்தார். இடப்பாதியில் போட்டிக்குத் தயார் செய்யும் கோச் ஒருவர் வருவதாகப் பேச்சு. சுதபா துர்காபூருக்குத் திரும்பினாள். அவளுடைய படிவத்தில் ‘விலகலுக்குக் காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதை வெறுமையாக விட்டால் தன் கீழே வேலை பார்ப்பவர்களுக்குத் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவாள். அப்பாவுக்கு அந்தக் கட்டத்தை அவள் நிரப்பவில்லை. அவர் எண்ணியது மூச்சால். மூச்சு நீண்டுபோயிருந்தது.

பிப்ரவரியில் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்: நுரையீரல் முழுக்க ஆலையின் தூசு, நாலைந்து வருடமாகவே இப்படித்தான் இருந்திருக்கும். அதன்பிறகு அவர் இருந்தது இருபத்து மூன்று நாள். கடைசி வாரத்தில் முகமூடிக்குள்ளிருந்து ஒரு தடவை, “டுக்டுகியோட அட்டையில புஜங்காசனம் சேர்க்கணும்,” என்றார். சுதபாவுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் அட்டையை எடுத்து அவளே எழுதிச் சேர்த்தாள்.

திதியெல்லாம் முடிந்து, சாவியையும் அட்டைக் கட்டையும் கொடுக்கக் கழகத்துக்குப் போனாள். இரண்டு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. யாராவது கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டால் போதும் என்றிருந்தது. உள்ளே ஷிகாவும் நாலைந்து அம்மாக்களும் பிமானைச் சூழ்ந்து நின்றார்கள். சீட்டுக் குழந்தைகள் ஒன்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

“கோச்சு இதுகளைச் சேர்த்துக்க மாட்டாராம்,” என்றாள் ஷிகா. “வளையாத உடம்பு எதுக்குங்கறார். எங்களுக்கு மெடல் வேணாம், பிமான்தா. ஒரு மணி நேரம் இடம் குடுங்க. நாங்களே பாத்துக்கறோம். வளையறது பத்து எண்ணிக்கைதான். படுக்கறதுக்கு மட்டும் முப்பது.”

“யாரு எண்ணுவா?”

“டுக்டுகி. ஸாரோட எண்ணிக்கை அவளுக்கு மனப்பாடம்.”

பிமான் தலையைச் சொறிந்தார். “திரும்பவும் தப்பாப் போச்சுன்னு யாராவது வந்தா கமிட்டியில என் தலைதான் உருளும். சுதபா, நீயே இருக்கே. அளந்து சொல்லிடு. முப்பதுக்கு முப்பது வந்தா இடம் இவங்களுக்கு. இல்லைன்னா என்னை மன்னிச்சுக்கணும்.”

டுக்டுகி எழுந்து நின்றாள். மற்ற எட்டும் மல்லாந்து படுத்தன.

“செத்தாச்சா?”

யாரும் பதில் சொல்லவில்லை.

“ஒன்று.”

சுதபா அழுத்தினாள். குழந்தையின் குரல்தான், ஆனால் நடை அவருடையது. ஒவ்வோர் எண்ணுக்கும் பிறகு ஓர் இழுப்பு. பன்னிரண்டுக்கு மேல் இழுப்பு நீண்டது. பதினெட்டு. பத்தொன்பது. டுக்டுகி நின்றாள். உதட்டைக் குவித்து, மெல்லிய சீழ்க்கை போலக் காற்றை உள்ளே இழுத்தாள். அப்பா ஒவ்வொரு காலையும் அந்த இடத்தில் இழுத்த மூச்சு. முன்பு சுவரோரம் உட்கார்ந்து அளந்தபோதும் அது அங்கே இருந்திருக்கிறது. சுதபா அன்று எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருபது,” என்றாள் டுக்டுகி. வண்டி கிளம்பியது.

முப்பதில் சுதபா மறுபடி அழுத்தினாள். நாற்பத்தேழு. திரையிலிருந்து அதை அழித்தாள்.

“எவ்வளவும்மா?” என்றார் பிமான்.

“முப்பது.”

“சரியா?”

“சரியா முப்பது.”

பிமானும் அங்கேதான் நின்றிருந்தார். அவருக்கும் காது உண்டு. அவளை ஒரு தடவை பார்த்தார், அனுமாரை ஒரு தடவை பார்த்தார். “இன்ஜினியர் சொன்னா சரிதான்,” என்று சுதபாவிடமிருந்து சாவியையும் அட்டைக் கட்டையும் வாங்கி ஷிகாவின் கையில் கொடுத்தார்.

சுதபா வாசல்படிக்கு வந்து உட்கார்ந்தாள். உள்ளே, “அடுத்தது புஜங்காசனம். பத்துதான்,” என்று டுக்டுகி அதட்டுவது கேட்டது.